மாண்டு கோட்டை நகரம்: ஒரே நாளில் பார்த்துத் திரும்ப இயலுமா? ஆகஸ்டு மாதம் உகந்ததா?

நொய்யல்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டு மாதத்தில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் உள்ள மாண்டு கோட்டை நகரத்துக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணியிருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து அகல்யாநகரி விரைவு வண்டியில் இந்தூர் சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் மலையேறுவதாகத் திட்டம்.

என் தந்தை வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எழுபது வயதைக் கடந்த பின்னும் நன்றாக நடப்பார். என் தாயாருக்கு மூட்டுவலி உண்டு. சமதரையில் மெல்ல நடக்க இயலும், ஆனால் செங்குத்தான படிகள் அவருக்குப் பெரும் சிரமம். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் வருகிறாள்.

நாங்கள் அணுகிய பயண ஏற்பாட்டாளர், காலையில் இந்தூரிலிருந்து புறப்பட்டு ஜஹாஸ் மஹால், ஹோஷங் ஷாவின் கல்லறை, ரூப்மதி மண்டபம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு இரவு உணவுக்கு இந்தூர் திரும்பிவிடலாம், அங்கே தங்குவதற்கு எந்தத் தேவையும் இல்லை என்கிறார். தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. அரண்மனைகளை மட்டும் பார்ப்பதென்றால் அதற்கு வேறு எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, மாண்டு ஒரு மலை முழுவதையும் வளைத்துக் கட்டிய கோட்டை, அதன் மதிலையும் வாசல்களையும் பார்க்காமல் திரும்புவது எதற்கு என்று கேட்கிறார். அவர் கேட்பது நியாயமாகவே படுகிறது, ஆனால் அந்த மதில்களை உண்மையில் அணுகிப் பார்க்க முடியுமா என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, அங்கு சென்று வந்தவர்கள் அருள்கூர்ந்து விளக்க வேண்டுகிறேன். ஒரு நாள் போதுமா, அல்லது இரவு தங்க வேண்டுமா? மழைக்காலத்தில் செல்வது முதியவர்களுக்கு ஏற்றதா? தாயாரால் எவற்றையெல்லாம் பார்க்க இயலும்? கோட்டையைக் கோட்டையாகப் பார்க்க வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

---

மாளவத்துவாசி

வணக்கம். பணியின் பொருட்டு இந்தூரில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு மாண்டுவுக்குச் செல்வது எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு கடமையாகிவிட்டது. உங்கள் தந்தையின் பக்கமே என் வாக்கு.

இந்தூரிலிருந்து மாண்டு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தார் வழியாகச் சென்றால் காரில் இரண்டரை மணி நேரம் ஆகும். மழையிலும் சந்தை நாளிலும் மூன்று மணி நேரம் கூட ஆகலாம். போகவும் வரவும் ஐந்தாறு மணி நேரத்தைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு, மீதமுள்ள நேரத்தில் மூன்று தொகுதிகளைப் பார்ப்பதென்றால், ஒவ்வொன்றிலும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள மட்டுமே முடியும். முதியவர்கள் உடனிருந்தால் அதுவும் நெருக்கடிதான். ஒரு இரவாவது தங்குங்கள். இரண்டு இரவு தங்கினால் மனம் நிறையப் பார்க்கலாம். சாகர் தடாகத்தின் கரையில் மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி இருக்கிறது. ஆகஸ்டில் சனி, ஞாயிறுகளில் இந்தூரே திரண்டு மலைமீது வந்துவிடும் என்பதால் வார நாட்களில் செல்வதும், முன்கூட்டியே அறை பதிவு செய்துகொள்வதும் நல்லது.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் திட்டமிடுவது எளிது. மாண்டு ஒரு சிகரத்தின் மேல் அமர்ந்த கோட்டையன்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 630 மீட்டர் உயரத்தில், மாளவப் பீடபூமியிலிருந்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளால் துண்டிக்கப்பட்டு நிற்கும் அகன்ற மேட்டுநிலம் அது. அதன் மேலேயே வயல்களும் ஏரிகளும் பில் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் இருக்கின்றன. வடக்கு முனையில் அரச வளாகம்: ஜஹாஸ் மஹால், ஹிண்டோலா மஹால், சம்பா படிக்கிணறு முதலியவை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் ஊரின் நடுவே ஹோஷங் ஷாவின் கல்லறை, ஜாமா மசூதி, அஷ்ரஃபி மஹால். தென்முனையில், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, ரேவா குண்டம் என்னும் குளமும் மாளவத்தின் கடைசிச் சுல்தான் பாஸ் பகதூரின் அரண்மனையும், மலையின் விளிம்பிலேயே ரூப்மதி மண்டபமும் உள்ளன. இம்மூன்று தொகுதிகளுக்கும் தனித்தனியே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.

பெரும்பாலானோர் செய்வது போல் மூன்றையும் வரிசையாக ஓடிப் பார்க்காமல், முதல் நாள் மதியம் வந்து சேர்ந்ததும் ஊர்நடுத் தொகுதியை மட்டும் பாருங்கள். மறுநாள் காலையில், பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன், அரச வளாகத்துக்குச் சென்றுவிடுங்கள். அங்கே அரை நாளைத் தாராளமாகச் செலவிடலாம். மாலையில் ரேவா குண்டத்துக்கும் ரூப்மதி மண்டபத்துக்கும் செல்லுங்கள்.

அரச வளாகத்தில் உங்கள் மகளுக்கு ஒன்றைக் காட்டத் தவறாதீர்கள். ஜஹாஸ் மஹால் முஞ்ச தடாகத்துக்கும் கபூர் தடாகத்துக்கும் இடையே நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. மழையில் இரு குளங்களும் நிரம்பும்போதுதான் கப்பல் என்ற பெயரின் பொருத்தம் தெரியும். வெறும் அழகோடு நின்றுவிடக் கூடாது. அதன் மேல்தளத்தில் பெய்யும் மழைநீர், சுருள் சுருளாக வெட்டிய ஓடைகளின் வழியே மெல்ல வழிந்து, மண்ணையும் தூசியையும் அந்த வளைவுகளிலேயே படியவிட்டுத் தெளிந்த நீராகத் தொட்டிகளுக்குள் இறங்குகிறது. ஆறில்லாத மலையுச்சியில் ஒரு தலைநகரத்தை நடத்தியவர்கள் எதற்கு முதலில் அஞ்சினார்கள் என்பதை அந்த ஓடைகள் சொல்லிவிடும். சம்பா படிக்கிணற்றுக்கு அருகே நிலத்தடியில் அமைந்த அறைகளையும், கூரையில் விண்மீன் வடிவத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்கும் குளியல் மண்டபத்தையும் பாருங்கள். ரேவா குண்டத்திலும் இதே கதைதான்: குளத்து நீரை மேலேற்றி அரண்மனைக்குக் கொண்டுசென்ற வளைவுகள் தாங்கிய கால்வாயின் எச்சம் இன்றும் நிற்கிறது. பெரும்பாலோர் அதைக் கடந்து மேலே பாஸ் பகதூருக்கும் ரூப்மதிக்கும் இடையிலான காதல் கதையைக் கேட்கப் போய்விடுகிறார்கள்.

உணவைப் பொறுத்தவரை, மாண்டுவில் பெரிய உணவகங்களைத் தேட வேண்டாம். மக்காச்சோள மாவை இலைகளுக்கிடையே வைத்து வரட்டித் தணலில் சுட்டுப் பருப்புடன் தரும் தால் பானியா அப்பகுதியின் சொந்த உணவு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிறு கடைகளிலும் செய்து தருவார்கள். சாலையோரங்களில் தடித்த அடிமரத்துடன் நிற்கும் பெருக்க மரங்களின் காய்களைக் ‘குராசானி இம்லி’ என்று கூவி விற்பார்கள். மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் நிற்கும் அதே ஆப்பிரிக்க மரம்தான். உங்கள் தாயார் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.

---

கொத்தளம்

முந்தைய பதில் நகரத்தை நன்றாகவே சொல்லிவிட்டது. உங்கள் தந்தை கேட்ட மதிலைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் மாண்டு குறித்த பயணக் குறிப்புகளில் மதிலுக்கு ஒரு வரிக்கு மேல் எவரும் ஒதுக்குவதில்லை.

மேட்டுநிலத்தின் விளிம்பைத் தொடர்ந்து ஏறியும் இறங்கியும் செல்லும் இம்மதிலின் நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். வாசல்கள் பன்னிரண்டு. அதை முழுதும் சுற்றிவர எண்ண வேண்டாம். பல இடங்களில் மதில் புதருக்குள் மறைந்துவிட்டது, சில இடங்களில் சரிந்தும் விட்டது. மழைக்காலத்தில் அவ்விடங்களுக்குச் செல்வது ஆபத்து. ஆனால் கோட்டையைப் புரிந்துகொள்ள 37 கிலோமீட்டரும் தேவையில்லை, வடக்கு வாசல்கள் போதும்.

தாரிலிருந்து வரும் சாலை, கோட்டையைப் பீடபூமியிலிருந்து பிரிக்கும் காக்ரா கோ என்னும் பெரும் பள்ளத்தாக்கின் ஓரமாக வந்து, ஔரங்கசீப்பின் காலத்தோடு தொடர்புடைய ஆலம்கீர் வாசலின் வழியே நுழைகிறது. ஓட்டுநரிடம் முன்பே சொல்லி அங்கே வண்டியை நிறுத்தச் செய்யுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றால், இந்த மலைக்கு அகழி வெட்ட வேண்டிய தேவை ஏன் எழவில்லை என்பது விளங்கும். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் வருகின்றன. அவற்றுள் தலைமையானது டெல்லி வாசல். இன்றைய சாலை அதைத் தொடாமல் விலகிச் செல்வதால் பெரும்பாலானோர் அதைக் காண்பதேயில்லை. பழைய பாதை வளைந்து ஏறிவரும் விதத்தையும், மேலிருந்து காவலர்கள் அந்தப் பாதையின் ஒவ்வொரு அடியையும் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்பதையும் உங்கள் தந்தை அங்கே நின்று மகளுக்கு விளக்கலாம். அரச வளாகத்திலிருந்து அது தொலைவில்லை.

தென்மேற்கில் நிமார் சமவெளியை நோக்கித் தாராப்பூர் வாசல் உள்ளது. உங்கள் தந்தையும் நீங்களும் மட்டும் ஒரு காலையில், உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே செல்லலாம். மழை விட்ட நாளாக இருக்க வேண்டும், காலணிகளும் வழுக்காதவையாக இருக்க வேண்டும்.

இனி ஒரு செய்தி, வரலாற்று ஆசிரியருக்கு இது சுவையாக இருக்கும் என்று நம்புகிறேன். இவ்வளவு பெரிய மதில் மாண்டுவைக் காப்பாற்றியதா என்று கேட்டால், முக்கியமான வேளைகளில் இல்லை என்றே சொல்ல வேண்டும். தில்லியின் பிடி தளர்ந்தபின் 1401-இல் தில்வார் கான் கோரி மாளவத்தில் தனியாட்சி அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஹோஷங் ஷா தலைநகரைத் தாரிலிருந்து மாண்டுவுக்கு மாற்றினார். 1436-இல் மஹ்மூத் கில்ஜி ஆட்சியைக் கைப்பற்றினார். அவர் காலத்தில் குஜராத்தோடும் மேவாரோடும் ஓயாது போரிட்ட வலிய அரசு இது. ஆனால் 1531-இல் குஜராத்தின் பகதூர் ஷா கோட்டையைப் பிடித்தபோது, அவருடைய வீரர்கள் வாசல்களை முட்டிக்கொண்டிருக்கவில்லை. மலை மிகவும் உயர்ந்திருந்ததால் எவரும் ஏற மாட்டார்கள் என்று காவல் தளர்ந்திருந்த பக்கத்தில் இரவோடு இரவாக ஏறிவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில் ஹுமாயூனின் படையும் அவ்வாறே இரவில் மதிலேறியது; இம்முறை தப்பியோட வேண்டிய முறை பகதூர் ஷாவுடையது. மேற்கே தனித்து நீண்டிருக்கும் சோன்கட் உட்கோட்டையிலிருந்து கயிறு கட்டி இறங்கி அவர் தப்பினார். 1561-இல் அக்பரின் தளபதி ஆதம் கான் வந்தபோதோ மதிலுக்கு வேலையே இருக்கவில்லை. பாஸ் பகதூர் கோட்டைக்குள் இருந்து போரிடாமல், வடக்கே வெகுதொலைவில் உள்ள சாரங்பூருக்கு அருகே எதிர்த்து நின்று தோற்றார்.

நீளமான மதிலுக்கு நிறையக் காவலர்கள் வேண்டும் என்பதை நம் செஞ்சிக்கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள். செஞ்சியில் மூன்று குன்றுகளையும் தனித்தனியே அரண் செய்து பின் இணைத்திருக்கிறார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றொன்றில் நின்று போரிடலாம். மாண்டுவில் விளிம்பைத் தாண்டிவிட்டால் உள்ளே எல்லாம் சமவெளி. சோன்கட் ஒன்றே கடைசிப் புகலிடம்.

---

வைகைவாசகர்

மழைக்காலம் குறித்து ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மாண்டுவைப் பற்றி எழுதுவோர் எல்லோரும் ஆகஸ்டு, செப்டம்பர் என்றே சொல்கிறார்கள். பசுமைக்கு அது உண்மைதான். ஆனால் ரூப்மதி மண்டபத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே விரிந்து கிடக்கும் நிமார் சமவெளியையும், அதன் எல்லையில் வெள்ளிக்கோடாகத் தெரியும் நர்மதையையும் காண வேண்டுமென்றால், ஆகஸ்டு மாதத்தில் அது பெரும்பாலும் நடவாது. மேகம் மண்டபத்துக்குள்ளேயே புகுந்துவிடும், பத்தடிக்கு அப்பால் நிற்பவர் தெரியமாட்டார். கைப்பிடி இல்லாத பாசி படிந்த படிகளில் மூட்டுவலி உள்ள ஒருவரை நடத்திச் செல்வதும் அறிவுடைமையன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும், நடப்பதற்கும் இதமாக இருக்கும், குளங்களிலும் ஓரளவு நீர் எஞ்சியிருக்கும். கோடைக்கு மட்டும் செல்லவே வேண்டாம்.

---

மாளவத்துவாசி

வைகைவாசகர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நர்மதை தெரியாது, படிகள் வழுக்கும், இரண்டும் சரி. ஆனால் குளங்கள் வற்றத் தொடங்கிய பின் மாண்டுவைப் பார்ப்பது அந்த நகரத்தின் பாதியைப் பார்ப்பதாகவே எனக்குப் படுகிறது. ஜஹாங்கீர் 1617-இல் தன் பரிவாரத்துடன் இங்கே வந்து மழைக்காலம் முழுவதும் தங்கினார். மழைக்கால மாண்டுவைப் போல் இனிய இடத்தைத் தாம் அறியேன் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார், குளக்கரைக் கட்டடங்களில் விளக்கேற்றி விழா எடுத்ததையும் வருணித்திருக்கிறார். அதே ஆண்டில் அவருடன் வந்த ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோ மழைக்கு முன்பாகவே வந்து சேர்ந்துவிட்டதால், பாழடைந்த கட்டடம் ஒன்றில் குடியேறித் தண்ணீருக்குத் திண்டாடியிருக்கிறார். இருவரும் கண்டது ஒரே ஊரை, பருவம் மட்டுமே வேறு.

நொய்யல்கரையான் செப்டம்பர் இறுதிக்குப் பயணத்தைத் தள்ளிவைக்க முடிந்தால் இரண்டு தரப்பும் ஓரளவு நிறைவேறும்: மழை ஓய்ந்து வரும், குளங்கள் நிறைந்திருக்கும், மேகமும் அவ்வப்போது விலகும்.

---

நொய்யல்கரையான்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. தந்தையிடம் படித்துக் காட்டினேன். பகதூர் ஷா கயிற்றில் இறங்கியதைக் கேட்டபின் சோன்கட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். மகளின் காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வருவதால் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துள்ளோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். தாயார் எவற்றையெல்லாம் பார்க்க இயலும் என்பதை யாரேனும் சற்றுக் குறிப்பாகச் சொல்ல முடியுமா? மற்றொன்று, ஹோஷங் ஷாவின் கல்லறையைப் பார்த்துத்தான் தாஜ் மஹாலைக் கட்டினார்கள் என்று பல இடங்களில் படித்தேன், இது உண்மையா? அங்கே வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது பயன்தருமா?

---

பூங்குளத்தாள்

வணக்கம். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமியாரை அழைத்துச் சென்ற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அரச வளாகம் பெரும்பாலும் சமதரை, புல்வெளிகளுக்கிடையே பாதையும் உண்டு. ஜஹாஸ் மஹாலின் மேல்தளத்துக்கு ஏறும் நீண்ட படிக்கட்டை மட்டும் தவிர்த்துக் கீழ்த்தளத்தை முழுதாகப் பார்க்கலாம்; குளங்களைப் பார்த்தபடி அமர இடங்கள் இருக்கின்றன. சாய்ந்த தடித்த சுவர்களுடன் நிற்கும் ஹிண்டோலா மஹாலின் தரைத்தளமும் எளிது. ஹோஷங் ஷாவின் கல்லறைக்குச் சில படிகள் ஏறினால் போதும், உள்ளே பளிங்கின் குளிர்ச்சி முதியவர்களுக்கு இதமாக இருக்கும். ஜாமா மசூதி உயர்ந்த மேடையின் மீது அமைந்திருப்பதால் படிகள் சற்று மிகுதி, ஆயினும் அகலமானவை, நிதானமாக ஏறலாம். 1454-இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மசூதியின் உட்புறத் தூண்வரிசைகளை அவர் காண வேண்டும் என்பதால் அந்த ஒரு சிரமத்தை மட்டும் ஏற்கலாம். எதிரே உள்ள அஷ்ரஃபி மஹாலின் படிகள் செங்குத்தானவை, தாயார் ஏற வேண்டாம். மசூதியின் வாசலிலேயே அமர்ந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். பாஸ் பகதூரின் அரண்மனைக்கும் ரூப்மதி மண்டபத்துக்கும் வண்டி நிற்குமிடத்திலிருந்து ஏற்றமான பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த மாலையில் தாயாரை ரேவா குண்டத்தின் கரையில் யாரேனும் ஒருவர் துணையுடன் விட்டுச் செல்லுங்கள். நீலகண்டர் சந்நிதிக்குச் செல்ல அவர் விரும்பக்கூடும். அது அக்பர் காலத்தில் கட்டிய மாளிகையினுள் அமைந்த சிவத்தலம், பள்ளத்தாக்கின் முகத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும் படிகள் பல, இறங்கியவர் ஏறியும் ஆக வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தாஜ் மஹால் பற்றிய கதைக்கு ஓர் அடிப்படை உண்டு. ஹோஷங் ஷாவின் கல்லறை வாயிலில், ஷாஜகானின் கட்டடக் கலைஞர்கள் நால்வர் வந்து வணங்கிச் சென்றதைக் கூறும் கல்வெட்டு இருக்கிறது. அவர்களுள் உஸ்தாத் ஹமீத் என்பவரின் பெயரும் காணப்படுகிறது. வழிகாட்டிகள் இதைக் காட்டித்தான் இது தாஜ் மஹாலின் முன்மாதிரி என்பார்கள். ஆனால் அக்கல்வெட்டின் ஆண்டு 1659. அதற்குள் தாஜ் மஹால் எழுந்து நின்றுவிட்டது. ஷாஜகானோ மகனால் ஆக்ரா கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தார். ஆகவே கட்டுவதற்கு முன் அளவெடுக்க வந்தவர்கள் அல்லர் இவர்கள், தம் தொழிலில் முன்னோடி ஒருவரின் வேலையைக் காண வந்தவர்கள் என்று கொள்வதே பொருத்தம். 15-ஆம் நூற்றாண்டில் முழுதும் வெண்பளிங்கால் எழுப்பிய கல்லறை என்ற சிறப்பே அதற்குப் போதும், தாஜின் நிழலில் அதை நிறுத்த வேண்டிய அவசியமில்லை.

வழிகாட்டி வேண்டும் என்றே சொல்வேன். டெல்லி வாசலுக்கும் தாராப்பூர் வாசலுக்கும் உள்ளூர்க்காரர் இல்லாமல் சரியான பாதை கிடைப்பது அரிது. ஆனால் அவர்கள் சொல்லும் கதைகளைச் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ் பகதூரின் அரண்மனையை அவர் ரூப்மதிக்காகக் கட்டியதாகச் சொல்வார்கள். அங்குள்ள கல்வெட்டின்படி அது 1508-ஐ ஒட்டி நாசிருத்தீன் ஆட்சியில் எழுந்தது, பாஸ் பகதூர் ஆட்சிக்கு வந்ததோ 1555-ஐ ஒட்டி. ரூப்மதி மண்டபமும் முதலில் தெற்குச் சமவெளியைக் கண்காணிக்கும் காவல் நிலையமாக எழுந்ததே. பிறகுதான் மேலே மாடங்கள் சேர்ந்தன. ஆதம் கானிடம் அகப்படாமல் ரூப்மதி நஞ்சருந்தி இறந்தார் என்ற செய்தி நம்பத்தக்கது. பாஸ் பகதூர் பல ஆண்டுகள் அலைந்துவிட்டு இறுதியில் அக்பரிடமே பணியில் சேர்ந்தார் என்பதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை, கதை கெட்டுவிடும் அல்லவா?

அஷ்ரஃபி மஹாலில், அரசிகள் உடல் மெலிவதற்காகப் படிக்கு ஒரு பொற்காசு கொடுத்து ஏறச் செய்தார்கள் என்ற கதையைக் கேட்டு உங்கள் மகள் சிரிப்பாள். உண்மையில் அது மதரசாவாகக் கட்டப்பட்டது. அதன் மூலையில் மஹ்மூத் கில்ஜி, மேவாரின் ராணா கும்பாவை வென்றதாகக் கூறி ஏழு நிலை வெற்றிக் கோபுரம் எழுப்பினார். இன்று அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதே மஹ்மூத் கில்ஜியைத் தாம் வென்றதாகக் கூறி ராணா கும்பா எழுப்பிய ஒன்பது நிலைக் கோபுரம் சித்தூரில் இன்றும் முழுதாக நிற்கிறது. இரண்டு கோபுரங்களையும் வைத்து ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பையே நடத்திவிடலாம்.

மஹ்மூதின் மகன் கியாசுத்தீன் போரை விட்டுவிட்டு இன்பத்தில் ஆழ்ந்தவர். அவர் காலத்தில் தொடங்கிய ஓவியங்கள் நிறைந்த சமையல் சுவடி ஒன்று இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. சமோசாவின் செய்முறைகள் அதில் உள்ளன. அவரை நஞ்சு கொடுத்துக் கொன்றதாகப் பழி சுமந்த மகன் நாசிருத்தீனின் கல்லறையை ஜஹாங்கீர் காலால் உதைத்ததைத் தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

---

கொத்தளம்

சோன்கட் குறித்து ஒரு எச்சரிக்கை. வழி குறுகலானது, மேற்குப் பக்கம் முழுவதும் சரிவு. செப்டம்பர் இறுதியிலும் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் செல்ல வேண்டாம், ஊருக்குள் அதைக் காட்டக்கூடியவர் கிடைக்காவிட்டாலும் செல்ல வேண்டாம். நீலகண்டர் சந்நிதிப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றாலே அந்தச் சரிவின் தன்மை தெரிந்துவிடும். கயிற்றில் ஏன் இறங்க வேண்டியிருந்தது என்பதற்கு உங்கள் தந்தைக்கு அதுவே விடையளிக்கும்.

---

மாளவத்துவாசி

திரும்பும் வழியைப் பற்றியும் ஒரு சொல். இந்தூருக்கு வந்த வழியே திரும்பாமல், மலையிறங்கி நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ள மகேஷ்வருக்குச் செல்லுங்கள். அகல்யாபாய் ஹோல்கர் ஆட்சி செய்த ஊர், நர்மதையின் படித்துறைகள் அங்கே கோட்டைக்கு அடியிலேயே இருக்கின்றன. மேலிருந்து கோடாகக் கண்ட ஆற்றைத் தாயார் அங்கே அருகிலிருந்து பார்க்கலாம், மகேஷ்வரி சேலைகளை நெய்பவர்களிடமே வாங்கவும் செய்யலாம். அங்கிருந்து இந்தூருக்கு நல்ல சாலை இருக்கிறது. ஓட்டுநரிடம் வாடகை பேசும்போதே இந்தச் சுற்றுவழியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மலைமேல் சென்றபின் கேட்டால் வேறு தொகை சொல்வார்கள்.